சோம்பல் என்று எழுதாதே

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய ஐந்தாம் கட்டுரையை நேற்று இரவு மெய்ப்புப் பார்த்து முடித்தேன். பதினோரு இடங்களில் சிவப்பு மை விழுந்திருக்கிறது. பத்து இடங்களில் ஒற்றுப் பிழை. பார்த்ததும் நீயே திருத்திவிடுவாய். பதினோராவது ஒரே ஒரு சொல். மூலத்தில் ‘அசீடியா’ என்று இருப்பதை நீ ‘சோம்பல்’ என்று ஆக்கியிருக்கிறாய். ஓரத்தில் குறிப்பெழுதத் தொடங்கினேன், இடம் போதவில்லை. மொழிபெயர்க்கிற வேறு பலருக்கும் இந்தச் சொல் எதிர்ப்படும் என்பதால், உன்னிடம் கேட்டுக்கொண்டு பொதுவிலேயே எழுதுகிறேன்.

அகராதியை நம்பி எழுதினாய், அதில் குற்றமில்லை. ஆங்கில அகராதிகள் இதற்கு ‘லிஸ்ட்லெஸ்னெஸ்’ என்று பொருள் தரும், அடுத்தபடியாக ‘ஸ்லாத்’ என்று தரும். முதற்சொல்லில் வரும் ‘லிஸ்ட்’ பட்டியல் அன்று. விரும்புதல் என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் இருந்த வினை அது. ஆகவே விருப்பம் அற்றுப்போன நிலை என்று கொள்ளலாம். இரண்டாவது சொல் மெதுவாக இருத்தலைக் குறிக்கும் ‘ஸ்லோ’விலிருந்து பிறந்தது. சோம்பல் என்று நாம் சொல்வதற்கு அது பொருந்தும். அந்த இரண்டாவது வழியில்தான் நீ போய்விட்டாய். ஆனால் அசீடியா பிறந்த இடத்துக்கே போய்ப் பார்த்தால் சோம்பல் அங்கே இல்லை.

சொல் கிரேக்கத்தைச் சேர்ந்தது: அகேடியா. ‘அ’ என்பது இன்மை. ‘கேடோஸ்’ என்பது அக்கறை, கவலை, துக்கம் எல்லாம் சேர்ந்தது. இறந்தவருக்குச் செய்யும் கடனையும் அந்தச் சொல்லே குறிக்கும். ஹோமர் பாடிய ஒதீசி என்ற கிரேக்கக் காவியத்தின் கடைசிப் பகுதியில், கொல்லப்பட்ட ஒருவனின் ஆவி பேசுகிறது. எங்கள் உடல்கள் இன்னும் ஒதீசியஸின் வீட்டில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன, காயங்களில் உறைந்த குருதியைக் கழுவிக் கிடத்தி அழுவதற்கு எங்கள் வீட்டாருக்கு இன்னும் செய்தியே எட்டவில்லை என்கிறது. அந்தக் ‘கேட்பாரற்று’ என்ற இடத்தில் ஹோமர் வைத்திருக்கும் சொல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கழுவ ஆளில்லாத உடலைச் சொல்லப் பயன்பட்ட சொல், பல நூற்றாண்டுகள் கழித்து உயிரோடிருக்கும் ஒருவனின் மனத்தைச் சொல்ல வந்தது. இதை அறிந்த நாளிலிருந்து இந்தச் சொல்லை என்னால் எளிதாகக் கடந்துபோக முடிந்ததில்லை.

மனத்துக்கு இந்தச் சொல்லை மிகக் கூர்மையாகப் பயன்படுத்தியவர் எவாக்ரியஸ் என்ற கிறித்தவத் துறவி. கருங்கடலை ஒட்டிய பொந்தஸ் பகுதியில் பிறந்து, கான்ஸ்டாண்டிநோபிளில் புகழ்பெற்று, பிறகு எல்லாவற்றையும் விட்டு எகிப்தின் பாலைவனத்துக்குப் போனவர். நீத்ரியாவில் சில காலம், அதன்பின் கெல்லியாவில் 399இல் இறக்கும் வரை. கெல்லியா என்றாலே சிற்றறைகள் என்று பொருள். ஒவ்வொரு துறவிக்கும் ஒரு அறை, அறைக்கும் அறைக்கும் நடுவே நல்ல இடைவெளி. அவர் சுவடிகளைப் பிரதி எடுத்துக் கொடுத்துப் பிழைத்தார் என்பதை உனக்காகவே சொல்கிறேன். அடுத்தவர் எழுத்தோடு நாள்முழுதும் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

துறவியைத் தாக்கும் எண்ணங்கள் எட்டு என்று அவர் வகுத்தார். அவற்றுள் மிகக் கொடியது அகேடியா என்றார். காலை பத்து மணி வாக்கில் வரும், பிற்பகல் இரண்டு மணி வரை மனத்தை முற்றுகையிடும். சூரியன் நகரவே நகராது. ஒரு பகல் ஐம்பது மணி நேரம் போலத் தோன்றும். சாப்பாட்டு வேளைக்கு, அதாவது சூரிய உதயத்திலிருந்து எண்ணும் ஒன்பதாம் மணியான பிற்பகல் மூன்று மணிக்கு, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று துறவி சன்னலைப் பார்ப்பார், வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார், யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். பிறகு இந்த இடமே வெறுத்துப்போகும், கைவேலை கசக்கும். இங்கே அன்பு செத்துவிட்டது, ஆறுதல் சொல்ல ஆளில்லை, வேறு ஊரில் இதைவிட நல்ல பிழைப்பு கிடைக்கும் என்று தோன்றும். விட்டுவந்த வீட்டாரின் நினைவு வரும். இன்னும் எத்தனை ஆண்டுகள் இப்படியே இருக்க வேண்டுமோ என்ற மலைப்பு கடைசியில் வரும். சங்கீதம் 91இல் தமிழ் வேதாகமத்தில் ‘மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்’ என்று நாம் படிக்கும் இடம், அவர் படித்த கிரேக்கத்தில் ‘நண்பகல் பேய்’ என்று இருக்கும். அந்தப் பேய்தான் இது என்று அவர் கண்டுகொண்டார்.

இன்னொரு நூலில், படிக்க உட்கார்ந்த துறவியை இதே பேய் என்ன செய்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அந்தத் துறவி கொட்டாவி விடுகிறார், கண்ணைக் கசக்குகிறார், சுவரைப் பார்க்கிறார், கொஞ்சம் படிக்கிறார். ஏடுகளைப் புரட்டி முடிவு எங்கே இருக்கிறது என்று தேடுகிறார், எத்தனை ஏடுகள் மீதி என்று எண்ணுகிறார், கையெழுத்து சரியில்லை என்று குறை காண்கிறார். பிறகு புத்தகத்தை மூடித் தலைக்கு வைத்துப் படுக்கிறார். ஆழ்ந்து தூங்கவும் முடிவதில்லை, பசி எழுப்பிவிடுகிறது. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்தைய எழுத்து இது.

இவர் சோம்பேறியா? சோம்பேறிக்குச் சும்மா இருப்பதில் சுகம் உண்டு. இவருக்கு எதிலும் சுகம் இல்லை. அதோடு, அகேடியா பிடித்தவர் ஓடியாடித் திரிபவராகவும் இருக்கலாம். நோயாளிகளைப் பார்த்துவரக் கிளம்பும் துறவியை எவாக்ரியஸ் சுட்டிக் காட்டுகிறார். அறையை விட்டு வெளியேற அது அவருக்கு ஒரு சாக்கு. நாள்முழுதும் ஊருக்கு உழைத்துக்கொண்டே ஒருவர் அகேடியாவில் மூழ்கியிருக்க முடியும். உன் கட்டுரையின் மூன்றாம் பத்தியில் வரும் பெண்மணி அப்படிப்பட்டவர்தான். விடியற்காலையிலிருந்து இரவு வரை வேலை செய்கிறவரைச் சோம்பல் பிடித்தவர் என்று எழுதினால் படிப்பவர் திகைத்துப்போவார்.

பிறகு எப்படி இது ஸ்லாத் ஆனது? 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த முதலாம் கிரகோரி எட்டு எண்ணங்களை ஏழு பாவங்களாக மாற்றி அடுக்கியபோது, அகேடியாவைத் துயரத்தோடு சேர்த்துக் கரைத்துவிட்டார். பின்னாளில் பெயர் திரும்பி வந்தது. ஆனால் 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவ அறிக்கை, செய்ய வேண்டும் என்று விதித்தது. துறவியின் தனியறையில் பிறந்த நுட்பமான சொல்லை வயலிலும் கடையிலும் உழைக்கும் மக்களிடம் விளக்க வேண்டியதாயிற்று. கோயிலுக்கு வராமை, பூசையில் தூங்குதல், கடமையைத் தள்ளிப்போடுதல் என்று கண்ணுக்குத் தெரியும் குற்றங்களாக அது சுருங்கியது. தாமஸ் அக்குவினாஸ் போன்ற இறையியலாளர்கள், இறைவனின் நன்மையைக் கண்டே மனம் துயருறுவது என்று ஆழமாக விளக்கத்தான் செய்தார்கள். மக்களிடம் நின்றது மற்றதுதான். ஆங்கிலத்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே ‘ஆக்ஸிடி’ என்று நுழைந்து, கவிஞர் சாசர் காலத்திலும் வழங்கி, பிறகு ஸ்லாத் என்ற சொல்லுக்கு இடம்விட்டு ஒதுங்கிவிட்டது.

நடுவே ஒரு தவறான சொற்பிறப்பும் உண்டு. இலத்தீனில் ‘அக்கிடியா’ என்று எழுதப்பட்டதைப் பார்த்த சிலர், புளிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று எண்ணிக்கொண்டார்கள். வேர் தவறு. ஆனால் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது என்று சொல்லும் நமக்கு, அவர்கள் ஏன் நம்பினார்கள் என்பது உடனே புரிகிறது.

ஆங்கிலம் பல நூற்றாண்டுகளில் இழந்ததை நாம் ஒரே சொல்லில் இழக்க வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை. அப்படியானால் என்ன எழுதுவது? இரவு முழுக்க யோசித்தேன். ‘மடி’ அழகான பழஞ்சொல். ஆனால் அதுவும் சோம்பலே. ‘அசதி’ உடம்பைச் சார்ந்தது. ‘சலிப்பு’ பக்கத்தில் வருகிறது, ஆனால் ஒரு மாலைப்பொழுதில் தீர்ந்துவிடக்கூடியது. ‘விரக்தி’ ஏமாற்றத்துக்குப் பின் வருவது. ‘விட்டேற்றி’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். எதிலும் பட்டுக்கொள்ளாத தன்மை அதில் இருக்கிறது, ஆனால் அதில் வலி இல்லை. வேருக்கு வேர் பார்த்தால் ‘பேணாமை’ அப்படியே பொருந்துகிறது. வள்ளுவர் அதை மடியின்மை அதிகாரத்தில் வைக்கவில்லை. பேதைமை அதிகாரத்தில், 833ஆம் குறளில், நாணாமை, நாடாமை, நாரின்மை ஆகியவற்றோடு வைத்தார். நாரின்மை என்றால் அன்பில்லாமை. இந்த வரிசையை எவாக்ரியஸிடம் காட்டியிருந்தால் உறவினரைக் கண்டதுபோல் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் இன்றைய வாசகருக்குப் பேணாமை என்றால் வயதான பெற்றோரைக் கவனிக்காமல் விடுவது போன்ற ஒரு செயலாகத்தான் கேட்கும், மனநிலையாகக் கேட்காது.

ஆகவே ஜான் காசியன் செய்ததைச் செய் என்பேன். எகிப்தில் இந்தத் துறவிகளோடு வாழ்ந்து, பின்பு மார்செய் நகரில் மடம் நிறுவி, அவர்களது அனுபவத்தை இலத்தீனில் எழுதியவர் அவர். இதே சொல்லின் முன் நின்றபோது, கிரேக்கர் அகேடியா என்று அழைப்பதை நாம் மனச்சலிப்பு அல்லது நெஞ்சின் தவிப்பு எனலாம் என்று எழுதி, மூலச் சொல்லையும் வைத்துக்கொண்டார். ஒன்று சோர்வு, மற்றது தவிப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் அது. நீயும் முதல் முறை ‘அசீடியா, எதிலும் மனம் ஒட்டாத தவிப்பு’ என்று எழுதிவிட்டு, பிறகு அசீடியா என்றே தொடரலாம்.

இப்போது கட்டுரையை விட்டு உன்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான்காம் கட்டுரைக்கும் ஐந்தாவதுக்கும் இடையே இரண்டு மாதம் இடைவெளி விழுந்தது. கூட வந்த கடிதத்தில், “சோம்பேறியாகிவிட்டேன் அக்கா, மன்னித்துவிடுங்கள்” என்று எழுதியிருந்தாய். அதே சொல். அதைப் படித்த பிறகுதான் பதினோராவது சிவப்பு மை எனக்கு இவ்வளவு முக்கியமாயிற்று. அந்த இரண்டு மாதத்தில் நீ இரண்டு முறை வீடு முழுவதையும் ஒழுங்குபடுத்தினாய், உறவுக்காரர் திருமணத்துக்கு ஓடியாடி உழைத்தாய், எனக்கு மூன்று முறை பலகாரம் கொடுத்தனுப்பினாய். மேசைக்கு மட்டும் போக முடியவில்லை. அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தால் அடுத்து உன்னை நீயே அடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியாது.

எவாக்ரியஸ் சொன்ன மருந்து அடி இல்லை. அகேடியா வரும்போது கண்ணீரோடு உன் ஆன்மாவை இரண்டாகப் பிரித்துக்கொள், ஒரு பாதி ஆறுதல் சொல்லட்டும், மற்றப் பாதி கேட்டுக்கொள்ளட்டும் என்றார். என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய் என்று சங்கீதக்காரர் தன்னையே கேட்டதைப் போல. பேணுவார் இல்லாமல் போன மனத்துக்குத் தன்னையே பேணக் கற்றுக்கொடுக்கும் வழியாக இதை நான் வாசிக்கிறேன்.

காசியன் இன்னொருவரைப் பற்றியும் சொல்கிறார். பவுல் என்ற பெரியவர், ஊரிலிருந்து ஏழு நாள் நடை தூரத்தில் இருந்தார். அவர் செய்வதை விற்கக் கொண்டுபோனால் வழிச்செலவுக்குக்கூட ஆகாது. ஆனாலும் தினமும் பனையோலை சேகரித்துத் தன் பங்கு வேலையை முடித்தார். குகை நிறைந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எரித்துவிட்டு, மறுபடி தொடங்கினார்.

ஆறாம் கட்டுரை முழுவதும் இப்போது வேண்டாம். அதன் முதல் பத்தியை மட்டும் எழுதி வியாழக்கிழமை எடுத்து வா. நான்கு வரிதான் இருந்தாலும் எடுத்து வா. சேர்ந்து வாசிப்போம்.

அன்புடன்,
அக்கா