நிறுத்தச் சொன்னாயே, பாப்பா

குடியாத்தம்
மார்கழி 9

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கு எல்லாரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருக்க கெங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "மூச்சு நல்லாதானே இருக்குது, அந்த இன்ஹேலரைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பாரேம்மா, பழகிடப் போவுது" என்றாய். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், உனக்கும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. அதனால் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை.

ஒன்றை உன்னிடம் மறைத்திருக்கிறேன். போன வருஷம் தீபாவளிக்கு மறுநாள் நீ கூப்பிட்டபோது அண்ணன் எடுத்து, "அம்மாவுக்குச் சளி, தூங்குறாங்க" என்றானே, நான் தூங்கவில்லை கண்ணு. ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தேன். நான்தான் சொல்ல வேண்டாம் என்று அவனைத் தடுத்தேன். புரட்டாசியில் உடம்பு லேசாக இருந்தது. மாடிப்படி ஏறினாலும் இளைப்பு இல்லை. இனி எதற்கு என்று நானாகவே மருந்தை நிறுத்தினேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் குளித்துவிட்டுப் புடவை கட்டும்போதே மேல்மூச்சு வாங்க ஆரம்பித்தது. தீபாவளி ராத்திரி பட்டாசுப் புகை தெருவை மூடியபோது, ஒரு வார்த்தை சொல்ல மூன்று முறை மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, நாலு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள். நீ நிறுத்தச் சொன்னதும் அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

எனக்கு வந்திருப்பது சி.ஓ.பி.டி. என்கிற, மூச்சுக்குழாய் சுருங்கிப் போகிற நாள்பட்ட நுரையீரல் நோய். பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்குத்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். புகை எதுவானாலும் நுரையீரலுக்குப் புகைதான் என்றார் டாக்டர். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார், நான் 86-இல் சமையலராகச் சேர்ந்தேன். கீற்றுக் கொட்டகையில் பச்சை விறகு, மழை நாளில் ஈர விறகு. எத்தனை வருஷம் ஊதாங்குழலை வைத்து ஊதியிருக்கிறேன்! வீட்டுக்கு வந்தாலும் அதே அடுப்பு. அந்தச் சோறு தின்று வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்கும் பஸ்ஸில் எழுந்து எனக்கு இடம் கொடுக்கிறார்கள். அந்த வேலையைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, புகை போக ஒரு வழி வைத்திருக்கலாமே என்பது மட்டும்தான். ஊதாங்குழல் நசுங்கிப் போனால் எவ்வளவு தம் கட்டி ஊதினாலும் காற்று போகாது, பார்த்திருக்கிறாய் அல்லவா? என் மூச்சுக்குழாய்கள் அப்படித்தான் சுருங்கியிருக்கின்றன. அது பழையபடி ஆகாது. ஆனால் சுற்றியிருக்கிற தசையைத் தளர்த்திக் குழாயைத் திறந்து வைக்க மருந்து உண்டு. அதைத்தான் தினம் காலையில் இழுக்கிறேன். அட்டையில் டையோட்ரோபியம், 18 மைக்ரோகிராம் என்று இருக்கும். ஒரு முறை இழுத்தால் 24 மணி நேரம் வேலை செய்யும். மறுநாள் அதன் வேலை முடிந்துவிடும், மறுபடி இழுக்க வேண்டும். போதை மாதிரி பழகுகிற சமாச்சாரம் இல்லை பாப்பா. உன் மாமியார் பிரஷர் மாத்திரை போடுகிறாரே, அவரை யாராவது நிறுத்திப் பார் என்கிறோமா?

சரியாகப் பிடிக்கக் கற்றதே பெரிய கதை. முதல் தடவை கடைக்காரர் பொடி அடைத்த கேப்சூல் மாத்திரை அட்டையையும் பிளாஸ்டிக் கருவியையும் ஒரே கவரில் போட்டு, "தினம் ஒண்ணு" என்றார். நான் இருபது நாள் தண்ணீர் ஊற்றி விழுங்கினேன்! விழுங்கினால் மருந்து வயிற்றுக்குப் போகுமே தவிர நுரையீரலுக்கு எப்படிப் போகும்? மறுபடி காட்டப் போனபோது ஒரு நர்ஸ் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், "எனக்கு எதிரிலேயே செஞ்சு காட்டுங்கம்மா" என்றாள். அவள் கேட்டிருக்காவிட்டால் இன்னும் விழுங்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இப்போது காலையில் பல் விளக்கியதும் திண்ணையில் நிமிர்ந்து உட்காருகிறேன். கையை ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் அட்டையிலிருந்து ஒன்றைப் பிரிக்கிறேன். முன்கூட்டியே பிரித்து வைத்தால் பொடி ஈரம் கட்டிவிடும். குழியில் வைத்து மூடினால் உள்ளே இருக்கும் ஊசி குத்தி ஓட்டை போடும். முகத்தைத் திருப்பி மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். கருவிக்குள் ஊதக் கூடாது, நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பிறகு உதட்டை இறுக்கி வேகமாக, ஆழமாக ஒரே இழுப்பு. அப்போது மாத்திரை உள்ளே கிர்ரென்று சுற்றும். சத்தம் வரவில்லை என்றால் சரியாக இழுக்கவில்லை என்று அர்த்தம். வாயை மூடி மனசுக்குள் பத்து எண்ணுகிறேன். அதே மாத்திரையை இன்னொரு முறை இழுத்து, திறந்து பார்க்கிறேன். பொடி மிச்சம் இருக்கக் கூடாது. கண்ணில் பட்டுவிடாமல் உடனே கை கழுவிக்கொள்கிறேன். வாய் வறண்டுபோகும், நாலு மடக்கு தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். என்றைக்காவது மறந்தால் நினைவு வந்ததும் ஒன்று, அவ்வளவுதான். மறுநாள் ஈடுகட்ட இரண்டாக இழுப்பதில்லை.

நீலக் கலர் பம்ப் வேறு, அதைத்தான் நீ வீடியோ காலில் பார்த்துப் பயந்தாய். அது சால்புடமால். சில நிமிஷத்தில் கேட்கும், நாலைந்து மணி நேரம்தான் தாங்கும். திடீரென்று மூச்சு முட்டினால் அதுதான் கை கொடுக்கும், காலை மருந்து அந்த நேரத்துக்கு உதவாது. இதைக் குலுக்கி, ஸ்பேசர் குழாயில் மாட்டி, மெதுவாக இழுக்க வேண்டும். பொடிக்கு வேகம், பம்புக்கு நிதானம். வைகாசி ஒன்று கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கும் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். வேலூர் வெயில்தான் உனக்குத் தெரியுமே, வெயிலில் நிற்கும் வண்டியில் அதை வைக்க மாட்டேன்.

எதிர்வீட்டு அக்கா, "எனக்கும் இளைப்புதானே, உன்னோடதுல ஒண்ணு குடு" என்று கேட்டார். கொடுக்க மனசு வந்தாலும் கொடுக்கவில்லை. அவருடைய இன்ஹேலர் ஸ்டீராய்டு கலந்தது, அதை இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் படரும். அதைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினேன்.

நீ வந்து இருக்கிற நாளில் எனக்கு ஏதாவது ஆனால் இதைப் பார்த்துக்கொள். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி அதிகமானால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. நீல மருந்துக்கும் அடங்கவில்லை, பேச்சு திக்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் யாரையும் கேட்காதே, 108-க்குப் போன் போடு.

உன் அண்ணன் மகன் போனில் படித்து ஒரு விஷயம் சொன்னான். 1955-இல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனித் தலைவரின் மகளுக்கு ஆஸ்துமா. அந்த 13 வயசுப் பெண் அப்பாவிடம், "தலைமுடிக்கு ஸ்பிரே வருகிற மாதிரி என் மருந்தும் வரக்கூடாதா?" என்று கேட்டதாம். மறு வருஷமே இந்த மாதிரி பம்ப் கடைக்கு வந்துவிட்டது. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. சின்ன வயசில் நீயும், "ஏம்மா கண்ணெல்லாம் செவந்திருக்கு, அடுப்பை வெளியில வெச்சா என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நான்தான் காதில் வாங்கவில்லை.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? போகியன்று தெருவில் பாய், துணி எல்லாம் கொளுத்துவார்கள், நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பேன், தேடாதே. செண்ட் பாட்டில் வாங்கி வராதே, அந்த வாசனை எனக்கு மூச்சை இழுக்கிறது. குழந்தைக்கு முள்ளுக்கத்தரிக்காய் குழம்பு வைத்துத் தருகிறேன். விறகு அடுப்பு வெந்நீர்தான் உனக்குப் பிடிக்கும், ஆனால் அந்த அடுப்பை இடித்துவிட்டோம். இந்த முறை கேஸில்தான் கண்ணு.

அன்புடன்,
அம்மா