பவுடரைப் பிரிக்காதே கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் நான் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிட்டது, அதனால் எழுதியே அனுப்புகிறேன். முதலில் ஒன்று: சமையலறை சிங்க்கின் அடைப்பை எடுக்க என்று வாங்கி வைத்திருக்கிறாயே ஒரு பவுடர், அதைப் பிரிக்காதே. கடையில் திருப்பி வாங்கிக்கொள்வார்கள் என்றால் கொடுத்துவிடு.

அந்த மாதிரி பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா, ஆசிட்டுக்கு எதிரான கடுமையான காரம். தண்ணீர் பட்டவுடன் சூடேறும், தோலை அரிக்கும். அடைப்பு விட்டால் சரி. விடவில்லை என்றால் சிங்க் நிறையக் காரத் தண்ணீர் நிற்கும். அதற்குமேல் பிளஞ்சரை, அதான் கைப்பிடியில் ரப்பர் கிண்ணம் மாட்டிய அடைப்பு எடுக்கிற சாமானை, வைத்து அழுத்தினால் உன் கண்ணில் தெறிக்கும், பிளம்பரைக் கூப்பிட்டால் பைப்பைக் கழற்றுகிற அவர் கையில் கொட்டும். சில சமயம் பவுடர் சரியாகக் கரையாமல் பைப்புக்குள்ளேயே கல்லாக இறுகிவிடும். அது போதாதென்று சிலர் பாத்ரூம் ஆசிட்டையும் மேலே ஊற்றுவார்கள். காரமும் ஆசிட்டும் சேர்ந்தால் கொதித்து மேலே பீறிடும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னச் சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. தனியாக இருக்கிற பெண், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிளஞ்சரை எடுக்குமுன் பாத்ரூமுக்கும் யுடிலிட்டிக்கும் போய்த் தண்ணீர் விட்டுப் பார். அங்கெல்லாம் ஒழுங்காக இறங்கினால் அடைப்பு உன் சிங்க்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நீயே எடுத்துவிடலாம். அங்கேயும் தேங்கினாலோ, நீ குழாயைத் திறக்காதபோதே சிங்க்கில் தண்ணீர் ஏறினாலோ, அது எல்லா வீட்டுக்கும் பொதுவான பைப்பில் இருக்கிற அடைப்பு. அதோடு மல்லுக்கட்டாதே. அசோசியேஷனில் சொல். அவர்கள் ஆளைச் சேம்பருக்குள், அதாவது சாக்கடைத் தொட்டிக்குள், இறக்குவதாகச் சொன்னால் கூடாது என்று சொல்லிவிடு, மிஷின் வைத்து எடுக்கச் சொல். பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் வருஷச் சட்டமே தடை செய்திருக்கிறது. நாம் ஊற்றுகிற காரமும் ஆசிட்டும் கடைசியில் யார்மேல் படும் என்பதையும் யோசித்துத்தான் பவுடர் வேண்டாம் என்றேன்.

உன் சிங்க்கில் அடைத்திருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். தேங்காய் எண்ணெயும் கஞ்சியும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். நம் ஊரிலேயே மார்கழியில் பாட்டிலோடு உறைந்து நிற்கிறது, பெங்களூர்க் குளிருக்குக் கேட்கவா வேண்டும்! சிங்க்கின் அடியில் மடிப்பு மடிப்பாக ஒரு பிளாஸ்டிக் பைப் போகிறது பார், அந்த ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் ஒட்டும். அதன்மேல் கஞ்சி, காப்பித்தூள், கடுகு, கறிவேப்பிலை எல்லாம் வந்து உட்காரும்.

இப்போது வேலைக்கு வா. அடிப் பைப்பின் நட்டுகளைக் கையாலேயே இறுக்கு. பைப்பின் கடைசி முனையைத் தரை ஓட்டையில் சும்மா செருகி வைத்திருப்பார்கள், அது வெளியே வராதபடி அமுக்கி வை. கீழே ஒரு பக்கெட். சல்லடை மூடியை எடுத்துவிடு. சிங்க்கில் பிளஞ்சரின் ரப்பர் கிண்ணம் முழுகும் அளவு தண்ணீர் நிற்க வேண்டும், குறைந்தால் ஊற்று. சிங்க்கின் பக்கவாட்டில் மேலே ஓட்டை இருந்தால் ஈரத்துணியை நன்றாகத் திணித்து அடை. அடைக்காவிட்டால் நீ கொடுக்கிற அழுத்தம் எல்லாம் அந்த வழியாகவே போய்விடும்.

கிண்ணத்தைச் சாய்த்துத் தண்ணீருக்குள் இறக்கு, உள்ளே இருக்கிற காற்று குமிழியாக வெளியேறட்டும். பலர் இதைச் செய்வதில்லை, பிறகு பிளஞ்சரே உதவாது என்கிறார்கள். காற்று நசுங்கிக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது. உள்ளே தண்ணீர் மட்டும் இருந்தால்தான் உன் கையின் பலம் முழுசாக அடைப்புவரை போய்ச் சேரும். விளிம்பு படியவில்லை என்றால் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்.

முதல் அழுத்து மெதுவாக. அப்புறம் விளிம்பு விலகாமல் அழுத்தி, இழுத்து, அழுத்தி, இழுத்து, பதினைந்து இருபது தரம் ஒரே தாளத்தில் செய். அழுத்துவதைவிட இழுப்பதில்தான் கவனம் வேண்டும். வெறுமனே அழுத்திக்கொண்டே இருந்தால் அடைப்பு இன்னும் உள்ளே போய்க் கெட்டிப்படும். முன்னும் பின்னும் அசைத்தால்தான் புதைந்த முளைக்குச்சி மாதிரி இளகும். கடைசி இழுப்பில் வெடுக்கென்று தூக்கு. கறுப்பாக எதுவாவது மேலே வந்தால் நல்லது, அதைக் கையுறை போட்டு எடுத்துக் குப்பையில் போடு, திரும்பவும் உள்ளே தள்ளாதே.

மூன்று நான்கு சுற்றுக்கும் அசையவில்லை என்றால் அடிப் பைப்பைக் கழற்றிக் கழுவு. அதில் ஒன்றும் கஷ்டமில்லை. நட்டுக்குள் இருக்கிற வாஷர் தேய்ந்திருந்தால் அதையே கையில் எடுத்துப் போய்க் கடையில் காட்டி வாங்கு, அளவு தவறாது.

பைப்பில் ஒரு இடத்தில் வளைவு இருக்கும், இல்லாவிட்டால் பாட்டில் மாதிரி ஒரு பாகம் இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அது அடைப்பு இல்லை. சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் காப்பது அந்தத் தண்ணீர்தான். 1775-இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்கிற கடிகாரக்காரர் கழிப்பறைக்கு இப்படி ஒரு வளைவை வைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அந்த யோசனைதான் ஓடுகிறது, நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கழற்றி மாட்டும்போது வளைவை நேராக்கிவிடாதே.

தண்ணீர் இறங்கியதும் குளிக்க விளாவுகிற சூட்டில் வெந்நீர் ஊற்று. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி பைப் இளகிவிடும். சுடு கஞ்சியையும் அதில் வடிக்காதே. எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவு. டாய்லெட்டுக்கு வேறு பிளஞ்சர் வாங்கு, சமையலறைக்குள் அது வரவே கூடாது.

முடிந்ததும் வாட்ஸாப்பில் ஒரு வரி போடு. முடியவில்லை என்றால் ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிட்டு, சிங்க்கின் அடிப்பக்கத்தை வீடியோவில் காட்டு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா