படத்துக்குக் கீழே பெயரையும் எழுதுங்கள்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் படமெடுக்க வரும் உதவி நிறுவனங்களுக்கும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் வரவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. லயத்துக் கூரை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டுக் கூரை, ஒழுகுவதைக் கொழும்பில் இருப்பவர் நம்புவதற்குக்கூடப் படம் வேண்டியிருக்கிறது. எங்கள் மனக்குறை படத்துக்குக் கீழே இருக்கும் வரியைப் பற்றியது. "கொழுந்து பறிக்கும் பெண், நுவரெலியா" என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைநாளும் சம்பளமும் பதியும் பேரேட்டில், அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுகிற நாளிலும் அவர் பெயருக்கு நேரேதான் போடுகிறார்கள். உங்கள் படத்தில் மட்டும் அவர் யாரோ ஒருவர்.

இந்த வழக்கம் பழையது. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவை தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் படமெடுத்த கவிஞர் டென்னிசனையும் அறிவியலாளர் டார்வினையும் உலகம் பெயர் சொல்லி அறியும். இலங்கையில் அவர் படமெடுத்த உழைப்பாளிகளில் பெரும்பாலானோரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அவர்கள் யார் வீட்டுப் பாட்டன், பாட்டி என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

வேறு மாதிரிச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1908 முதல் குழந்தைத் தொழிலாளரைப் படமெடுத்த லூயிஸ் ஹைன், முடிந்த இடமெல்லாம் பிள்ளையின் பெயர், வயது, வேலை எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் இருந்ததால்தான் அவர் படங்கள் குழந்தை உழைப்பைத் தடுக்கும் சட்டத்துக்கான போராட்டத்தில் சாட்சியாக நின்றன.

குறிப்பு இல்லாத படம் பாதி உண்மையைத்தான் சொல்லும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே அழுத முகத்தை மட்டும் பார்க்கிறவர் மழையைத்தான் குற்றம் சொல்வார். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. ஆனாலும் சனங்கள் அங்கேதான் இருந்தார்கள். வேறு இடத்தில் காணி இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? இதைக் கேமரா தானாகச் சொல்லாது. நீங்கள்தான் எழுதவேண்டும்.

தொரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) அனுமதி வாங்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். தோட்டத்துக்குள் வர அது போதும், ஒருவருடைய முகத்தை எடுத்துப்போக அது போதாது. தொரையும் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையும் பக்கத்தில் நிற்கும்போது "எடுக்கலாமா?" என்று கேட்டால் எங்கள் அக்காமார் தலையாட்டத்தான் செய்வார்கள். கொழுந்துக் கூடையையும் இடுப்பில் கட்டும் படங்கையும் இறக்கி வைத்தபிறகு, அந்தியில் லயத்துக்கு வாருங்கள். இந்தப் படம் எந்த நாட்டில் வரும், எதற்குக் காசு சேர்க்கப் போகிறது என்பதைத் தமிழில் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆங்கிலப் படிவத்தில் வாங்கிய கையெழுத்தை நாங்கள் சம்மதமாக எண்ணுவதில்லை.

சம்பளத்தைப் பற்றித் துணிந்து பேசியவர், வீட்டில் அடிபடுகிறவர், சிறுபிள்ளைகள் ஆகியோரின் பெயரை மறைப்பதே நியாயம். இவர்களில் வயதுவந்தவர்கள் அதைத் தாங்களே தீர்மானிக்கட்டும். கேட்க மறந்துவிட்டுப் பாதுகாப்புக்காக மறைத்தோம் என்று சொல்வது நேர்மையல்ல.

இன்னொன்றும் கேட்கிறோம். உங்கள் அலுவலகங்களில் பழைய மலையகப் படங்கள் நிறைய இருக்கும். தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), ஆண்டு ஆகியவற்றைக் குறித்து ஒவ்வொரு பிரதியை அந்தந்தத் தோட்டப் பாடசாலைக்கோ கோயில் கமிட்டிக்கோ அனுப்புங்கள். முகத்தைப் பார்த்ததும் "இது நம்ம மேட்டு லயத்துப் பிள்ளை" என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயர்களைக் கேட்டு எழுதி உங்களுக்குத் திருப்பி அனுப்ப எங்கள் இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிறது, தாமதிக்காதீர்கள்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த ஒருவன்