அக்காவுக்கு, நீ நின்ன பக்கத்த தாண்டி வந்துட்டேன்

அக்கா,

ஆல்பத்த பிரிச்சிட்டேன். எல்லா புக்மார்க்கையும் பிளாஸ்டிக் உறையில இருந்து எடுத்து புத்தகங்களுக்குள்ள வெச்சாச்சு. போன்ல சொன்னா பேச்ச மாத்திடுவ, அதான் இங்க எழுதுறேன்.

கோவப்படுறதுக்கு முன்னாடி கேளு. ஜப்பான்ல ஹகோனேல இருந்து அனுப்புனியே அந்த மர புக்மார்க், பல நிற மரத்த ஒட்டிக் கட்டையாக்கி அதுல இருந்து காகித கனத்துக்கு சீவி எடுப்பாங்களே, அத உறைக்குள்ள பாத்தா டிசைன் மட்டும்தான் தெரிஞ்சுது, இப்ப புத்தகத்த எடுக்கும்போதெல்லாம் விரல்ல மரம் படுது. கவனமாத்தான் பண்ணேன். ஈரம் பட்டா தோல்ல இருக்கிற சாயம் தாள்ல இறங்கிடும்னு நீ சொன்னது ஞாபகம் இருக்கு, அதனால தோல்ல செஞ்சது எதுவும் பழைய புத்தகத்துக்குள்ள போகல. உலோகத்துல இருக்கிறதெல்லாம் மெல்லிசு தாள்ல தடம் போடும், அதுங்களுக்கு கெட்டி தாளா பாத்து குடுத்தேன்.

பாபிரஸ, அதான் எகிப்து கோரைத் தண்டுல செஞ்ச தாள் புக்மார்க்க, கையில எடுத்ததும்தான் வேலை நின்னுபோச்சு.

எகிப்துல இருந்து வந்த ராத்திரி, பெட்டியக்கூட திறக்காம ஹேண்ட்பேக்ல இருந்து ரெண்டு பாபிரஸ் எடுத்து ஒண்ண என்கிட்ட நீட்டி "லைட்டுக்கு நேரா பிடி"ன்ன. குறுக்கும் நெடுக்குமா நார் தெரிஞ்சுது. டூரிஸ்டுங்களுக்கு வாழைநார்ல பண்ணதையும் பாபிரஸ்னு விக்கிறாங்க, நான் ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பாத்துதான் வாங்கினேன்னு சொன்ன. அப்புறம் தூக்கத்த விட்டுட்டு, எகிப்துல இருக்கிற சக்காராங்கிற இடத்தோட கதை. அங்க ஒரு பழைய மடத்தோட இடிபாட்டுல கிடைச்ச 6ஆம் நூற்றாண்டு காப்டிக் புத்தகம் (எகிப்து கிறிஸ்தவங்களோடது), அட்டையோடயே வாரால கட்டியிருந்த தோல் புக்மார்க், இன்னைக்கு இருக்கிறதுலயே ரொம்ப பழசுல அது ஒண்ணு. "பாரு, புத்தகத்த விட்டு பிரியவே முடியாது"ன்னு சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா. அப்ப ஆல்பம்னு ஒண்ணு நம்மகிட்ட இல்லவே இல்லக்கா.

அன்னைக்கே அந்த தடி நாவல ஆரம்பிச்சோம், ஒரே காப்பி, ரெண்டு பாபிரஸ். முன்னாடி போறவங்க கதைய சொல்லக்கூடாது, ரொம்ப தூரமும் போயிடக்கூடாது. நீதான் எப்பவும் முன்னாடி. ஒருநாள் உன்னுது நகரல. நான் படிச்சு படிச்சு உன் பக்கத்துக்கே வந்து நின்னேன்.

ஏன் நின்னுதுன்னு இங்க எழுத மாட்டேன். நம்ம வீட்டு ஆளுங்களும் இத படிக்கிறாங்க. உனக்கும் எனக்கும் தெரியும், அது போதும்.

ஆனா அதுக்கப்புறமும் ஊர் ஊரா போன, ஒவ்வொரு ஊர்ல இருந்தும் கவர் வந்துச்சு, உள்ள புக்மார்க் மட்டும், என்ன படிக்கிறன்னு ஒரு வரி கேக்கல. நீ படிக்கிறத விட்டுட்டன்னு மத்தவங்க சொல்லித்தான் எனக்கு தெரியணுமா? அந்த கவர பிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வரும். ஆனாலும் பிரிச்சதும் தெரிஞ்சிடும், நீயே தேடி எடுத்ததுன்னு. தடியா இருந்தா புத்தகத்தோட தையல் விட்டுடும்னு மெல்லிசா பாத்து, முனை கிழிக்காத மாதிரி பாத்து. புத்தகத்த நினைக்காம ஒருத்தி இப்படி வாங்க மாட்டா.

நாவல முடிச்சிட்டேன். காத்திருக்கேன்னு சொன்னது நான்தான், மன்னிச்சிடு, ஆனா எவ்வளவு காலம்தான் ஒரே பக்கத்துல நிக்கிறது, அது என் புத்தகமும்தானே, கதையில இருந்த ஆளுங்களுக்கு என்னாச்சுன்னு தெரியாம எனக்கு வேற எதுவும் ஓடல. நீ வருவன்னு தோணியிருந்தா இன்னும் நின்னிருப்பேன், அதுவும் உண்மை.

உன் பாபிரஸ் இருந்த இடத்துலயே இருக்கு. புத்தகத்த நாளைக்கு தபால்ல போடுறேன். கதையில வர்ற அந்த மூத்தவன் விஷயத்துல நீ அடிச்சு சொன்னியே, அது தப்பு. எப்படின்னு சொல்ல மாட்டேன். கடைசி அத்தியாயத்த பத்தி பேச எனக்கு வேற ஆளே இல்ல, அடுத்த ஊர்ல எதுவும் வாங்காத, முடிச்சிட்டு கூப்பிடு, எந்நேரம் ஆனாலும் எடுப்பேன்.