பத்மா சொல்லாமல் வைத்திருந்தது

கும்பகோணம்
19 ஜூன் 2022

அன்புள்ள மங்கை,

இங்கு எல்லோரும் நலம். உன் முழங்காலைப் பற்றி விசாரிக்கப் போவதில்லை. மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். ரவிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, மருமகளுக்குச் சந்தோஷம், மாடித் தொட்டி இன்னும் ஒழுகுகிறது. செய்தி அவ்வளவுதான். போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே "சரிடி, சீரியல் போட்டுட்டான்" என்று வைத்துவிடுகிறாய். இது பாதியில் வைக்கிற விஷயம் இல்லை. உட்கார்ந்து முழுசாகப் படி.

போன வாரம் நம் ஹாஸ்டல் பத்மா வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு போன் வந்தது. கொரோனா பூஸ்டர் தடுப்பூசிக்குப் பெயர் பதிவு செய்கிறார்களாம். ஆதார் எண் வேண்டுமாம், இப்போது ஒரு ஓடிபி வருமாம், அதைப் படித்துச் சொன்னால் போதுமாம். அம்மா அம்மா என்று அவ்வளவு பணிவு. பத்மா கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்டாள். நான் போனை வாங்கித் துண்டித்தேன். "அறுபது தாண்டியவர்களுக்கு ஜனவரியிலிருந்தே போடுகிறார்கள், நேரே போய்ப் போட்டுக்கொள்ளலாம். நாமே கோவின் இணையதளத்தில் பதிந்தால் ஓடிபி வரும், நாமேதான் போடுவோம். யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள்" என்றேன். நான் அதட்டிப் பேசவில்லை. ஆனால் அவள் அழத் தொடங்கிவிட்டாள். சாதாரண அழுகை இல்லை, மங்கை.

போன வருடம் மே மாதம் நடந்ததாம். அவள் வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் அளவு 88க்கு இறங்கிவிட்டது, எங்கே கேட்டாலும் படுக்கை இல்லை. யாரோ யாருக்கோ அனுப்பி, வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு எண்ணுக்கு அடித்திருக்கிறாள். காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக் கொடுக்கிற கான்சென்ட்ரேட்டர் மிஷின் கையிருப்பில் இருக்கிறது, 40,000 முன்பணம் அனுப்பினால் ராத்திரிக்குள் வீட்டுக்கு வந்துவிடும் என்றிருக்கிறான். அனுப்பினாள். வண்டியில் பெட்டி ஏற்றுகிற படம்கூட வந்ததாம். விழுப்புரத்தில் போலீஸ் மறிக்கிறது, பாஸ் எடுக்க இன்னும் 12,000 என்றான். அதையும் அனுப்பினாள். பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. விடிய விடிய வாசலில் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறாள். நாலாம் நாள் அவர் போய்விட்டார்.

இதை அவள் மகனிடம் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. துக்கத்துக்குப் போன நம்மிடமும் சொல்லவில்லை. வேறு ஆளிடம் கேட்டிருந்தால் மிஷின் வந்திருக்கும், அவர் பிழைத்திருப்பார், தான் ஏமாந்ததால்தான் அவர் போனார் என்று ஒரு வருடமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறாள். அந்தப் பாவி எடுத்துக்கொண்டு போனது 52,000 மட்டுமா சொல்?

ஹாஸ்டல் மெஸ் கணக்கில் 35 பைசா இடிக்கிறது என்று வார்டன் அறைவாசலில் நின்றவள் பத்மா. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்தவள். அவளுக்கே இந்தக் கதி. அதனால் "விவரம் தெரியாதவர்கள்தான் மாட்டுவார்கள்" என்று நீ அடிக்கடி சொல்வாயே, அதை இனிமேல் சொல்லாதே. எனக்குக் கோபம் வருகிறது. பயந்துபோய் இருக்கிற மனுஷியிடம் நேரம் இல்லை, உடனே அனுப்பு என்று விரட்டினால் எந்தப் படிப்பும் கைகொடுக்காது.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்னால், 2020 ஊரடங்கில், வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவள். ஜன் தன் கணக்கில் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் போட்ட சமயம். கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து ஆளுக்கு ஒரு நாள் என்று பிரித்திருந்தார்கள். அது புரியாமல் வெயிலில் சுண்ணாம்பு வட்டத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் போன கிழவிகள் எத்தனையோ. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிக் கட்டலாம் என்று அறிவித்தது. ஏப்ரலிலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்: "உங்கள் தவணையைத் தள்ளிவைக்கிறோம், வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்." வாடகைக்கு வேன் ஓட்டுகிற ஒருவர் அப்படிச் சொல்லி, மிச்சம் இருந்த சேமிப்பையும் இழந்துவிட்டு என் எதிரில் வந்து நின்றார். தவணை தள்ளிவைக்க ஓடிபியே தேவையில்லை என்று அவருக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. மார்ச் 28இல் கொரோனா நிவாரணத்துக்கு நன்கொடை வாங்க பிஎம் கேர்ஸ் நிதி அறிவித்தார்கள். உடனே கடைசி 'எஸ்' எழுத்து மட்டும் இல்லாத ஒரு போலி யுபிஐ முகவரி கிளம்பிவிட்டது. நல்ல மனசோடு நன்கொடை கொடுக்க வந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. பண்ருட்டி சமாச்சாரம் ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கு நேரத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் ஸ்டேட் வங்கிக் கிளை என்று கம்ப்யூட்டர், முத்திரை, சலானோடு ஒரு போலிக் கிளையே திறந்து வைத்திருந்தான். வாடிக்கையாளர் ஒருவர் நிஜக் கிளையில் போய் விசாரித்ததால் 2020 ஜூலையில் பிடிபட்டான். அதில் யாரும் பணம் இழக்கவில்லை. நீ அன்றைக்குச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். ஏமாறாமல் இருப்பது எப்படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏமாந்துவிட்டால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. திருடிய பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. கமிஷனுக்காக யாரோ வாடகைக்குக் கொடுத்த கணக்குகள் நாலைந்தில் மாறி, எங்கோ ஒரு ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியே போய்விடும். அதற்கு முன்னால் முடக்கினால்தான் உண்டு. அதனால் முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும். 155260 என்று முன்பு இருந்ததுதான் இப்போது இந்த எண். அவர்கள் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் கொடுத்து, மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். நாடு முழுக்க அந்த எண்ணை அறிவித்ததே 2021 ஜூனில்தான். பத்மாவுக்கு ஒரு மாதம் பிந்திவிட்டது.

அடுத்து உன் வங்கி. 2017இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி ஒன்று இருக்கிறது, நாங்கள் கவுண்டரில் ஒட்டி வைத்தும் யாரும் படிக்கவில்லை. உன் தவறும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல், நடுவில் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் முழுப் பணமும் உனக்கு வந்தாக வேண்டும். நாலிலிருந்து ஏழு வேலை நாள் என்றால், நம்மைப் போன்றவர்களின் சேமிப்புக் கணக்கில் 10,000 வரை நஷ்டம் நம் தலையில். அதற்கும் மேலே போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. நீயே ஓடிபியைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அதுவரை போனது உன் நஷ்டம்தான். ஆனால் வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகிற ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. பார்த்தாயா, எல்லாம் எப்போது வாயைத் திறந்தோம் என்பதில் இருக்கிறது. வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசிப்பவர்களைத்தான் அவர்கள் நம்பிப் பிழைக்கிறார்கள். அப்படி யோசித்துவிட்டு வந்தவர்களை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். திட்டு வாங்கப் போகிறோம் என்று முகம் சுருங்கி நிற்பார்கள். சிலர் நிஜமாகவே வீட்டில் திட்டு வாங்கிவிட்டுத்தான் வந்திருப்பார்கள், கூட வந்த மகனே எங்கள் எதிரில் கத்துவான். அந்தப் பிள்ளைகளை அறையலாம் போல இருக்கும்.

இனி உன் வண்டவாளம். ஏடிஎம் பின் நம்பரைப் பாஸ்புக் அட்டையின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாய். இன்றைக்கே அழி. "இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடவும்" என்று ஒரு குறுஞ்செய்தி சுற்றுகிறது, உனக்கும் வந்ததாகச் சொன்னாய். கூப்பிடாதே. கூப்பிட்டால் ஒரு செயலியை இறக்கச் சொல்வான். உன் போன் திரையில் நீ பார்ப்பதெல்லாம் அவனும் பார்ப்பான். கேஒய்சி புதுப்பிக்க வேண்டும் என்றால் கிளைக்கு நேரே போ. வங்கியின் போன் எண்ணைக் கூகுளில் தேடாதே, கார்டின் பின்னால் அச்சடித்திருக்கிறது. யுபிஐயில் பணம் நமக்கு வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்திருக்கிறாயே, வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு எவனாவது படம் அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னால் போனை வைத்துவிடு.

இன்னொன்று. பென்ஷன் வருகிற கணக்கையே போனில் இணைத்து வைத்திருக்கிறாய். வேறு ஒரு சின்னக் கணக்கு திறந்து, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு, அதைப் போனில் வைத்துக்கொள். நான் ஓய்வு பெற்ற மாதமே அப்படி மாற்றிவிட்டேன். பழைய போன் எண்தானே உன் கிளையில் இருக்கிறது? பணம் போனால் உனக்குத் தகவலே வராது. திங்கட்கிழமை போய் மாற்றிவிட்டு எனக்குச் சொல்.

பத்மாவிடம் நான் உனக்கு எழுதப் போவதாகச் சொல்லிவிட்டேன். "மங்கைக்குச் சொல், அவளிடம் நானாகச் சொல்ல முடியவில்லை" என்றாள். அவர் நுரையீரல் ஏற்கெனவே எவ்வளவு கெட்டுப்போயிருந்தது என்று அப்போது பார்த்த டாக்டரையே கேட்டுவரலாம் என்று அவளை அழைத்திருக்கிறேன். யோசிக்கிறாள். மகனிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொன்னால் கேட்பாள். என்னைவிட உன் பேச்சுக்கு அவள் எப்போதும் மதிப்பு கொடுப்பாள், அதில் எனக்கு நாற்பது வருடமாக வருத்தம்தான். அவளைக் கூப்பிடு. சீரியல் முடிந்த பிறகு கூப்பிட்டாலும் சரி.

சென்னையில் மறுபடி தொற்று கூடுகிறதாம். உன் பேத்தி வரும்போது மாஸ்க்கோடு வரச் சொல். ஆடிப்பெருக்குக்கு நீயும் பத்மாவும் இங்கே வர வேண்டும், சித்ரான்னத்துக்கு நான் பொறுப்பு. திருச்சியிலிருந்து பத்மாவை உன் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிடு.

அன்புடன்,
கல்யாணி