வசந்திக்கு, நீ கடைசிப் பக்கத்தில் கேட்டது பற்றி

மதுரை
ஆடி 20

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்துக்கு யாழினி கல்யாணம், மண்டபம், சமையல்காரர் கேட்ட அட்வான்ஸ், சம்பந்தி வீட்டுப் பெருமை. கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு கேள்வி: “டீப் பிளேன் ஃபேஸ்லிஃப்ட் என்று முகத்தில் தொங்குகிற சதையைத் தூக்கித் தைக்கிற ஆபரேஷனைச் சொல்கிறார்களே, செய்துகொள்ளலாமாடி? இவரிடம் இன்னும் சொல்லவில்லை.” நீ எழுத வந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். ஹாஸ்டலிலும் பரீட்சை பெயிலானதைச் சினிமாக் கதை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதானே சொல்வாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. முப்பது வருஷமாகத் தலைக்கு டை அடிக்கிறோம், யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நிச்சயதார்த்த வீடியோவில் உன் கன்னம் தொங்குவதைப் பார்த்து உனக்கே உன்னை அடையாளம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது போதுமான காரணம். செய்யலாமா கூடாதா என்பது உன் முடிவு. எப்போது, யாரிடம், எப்படி என்பதில்தான் நான் மூக்கை நுழைக்கப் போகிறேன். மயக்க மருந்து கொடுத்தே காலம் கழித்தவள் நான். இந்த ஆபரேஷனில் டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுவார், எங்களைக் கால்மாட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

வயசானால் தோல் மட்டும் தளருவதில்லை. தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே ஒரு மெல்லிய தசைப்படலம் இருக்கிறது, ஸ்மாஸ் என்பார்கள். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் அதைத் தெளிவாக விவரித்தார்கள். முகத்தின் சதையைக் கன்ன எலும்போடும் தாடையோடும் பிடித்து வைத்திருக்கும் தசைநார்களும் உண்டு. படலம் தளர்ந்து கீழே இறங்கும்போது இந்த நார்கள் சில இடத்தில் விடாமல் பிடித்துக்கொள்வதால், நடுவில் இருக்கிற சதை பிதுங்குகிறது. தாடை ஓரத்தில் தொங்குகிறதே, அது அப்படி வந்ததுதான். அந்தக் காலத்து ஃபேஸ்லிஃப்டில் தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். ரவிக்கையில் லைனிங்கை அப்படியே விட்டுவிட்டு மேல்துணியை மட்டும் இழுத்துத் தைத்தால் எப்படி இருக்கும்? கொஞ்ச நாள் விறைப்பாக நிற்கும், பிறகு தையல் இழுபடும். காற்றில் முகத்தை நீட்டியவர்கள் மாதிரி சில பழைய நடிகைகள் தெரிவார்கள் பார், காரணம் அதுதான்.

ஸ்வீடனில் தோர்ட் ஸ்கூக் எழுபதுகளிலேயே தோலையும் படலத்தையும் சேர்த்தே தூக்கிப் பார்த்தார். டல்லஸில் சாம் ஹம்ரா என்ற டாக்டர் 1990இல் அதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோய் டீப் பிளேன் என்று பெயர் வைத்தார். படலத்துக்கு அடியில் போய், பிடித்து வைத்திருக்கும் நார்களை விடுவித்து, தோலையும் படலத்தையும் பிரிக்காமல் ஒரே துண்டாக மேல்நோக்கித் தூக்கித் தைப்பது. இழுவிசை முழுக்கப் படலத்தின் மேல் விழுகிறது, தோல் சும்மா மேலே படிந்திருக்கிறது. அதனால் தழும்பு மெல்லியதாக ஆறும், தோலுக்கு ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும். ஆனால் முக நரம்பின் கிளைகள் அந்தப் படலத்துக்குக் கீழேதான் ஓடுகின்றன. கண்ணை மூட, உதட்டை அசைக்க, சிரிக்க எல்லாம் அவைதான். இதனால்தான் எல்லா டாக்டரும் இதில் கை வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. மற்ற முறைகளைவிட இதுதான் உசத்தி என்று டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த முடிவும் இல்லை. விளம்பரத்தைப் பார்த்தால் மற்றதெல்லாம் கற்காலம் என்று தோன்றும். பேரைவிடக் கை முக்கியம் என்பது என் கட்சி.

கீறல் காதைச் சுற்றித்தான். நெற்றிப்பொட்டு முடிக்குள் தொடங்கி, காதின் முன்பக்கம் இறங்கி, மடலைச் சுற்றிப் பின்னால் போய் முடிக்குள் மறைந்துவிடும். கழுத்தையும் சேர்த்துச் செய்தால் தாடைக்கு அடியில் இன்னொரு சின்னக் கீறல். நாலைந்து மணி நேரம் ஆகும், கழுத்து சேர்ந்தால் கூடுதலாகவும் ஆகலாம். முழு மயக்கமும் கொடுக்கலாம், தூக்க மருந்தோடு மரத்துப்போகும் ஊசியும் போட்டுச் செய்யலாம். உனக்கு நான் மயக்கம் கொடுப்பதானால் முழு மயக்கம்தான். வழக்கமாக மூச்சுக்குழாயைக் கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவோம். இதில் முகத்தில் எதையும் ஒட்ட முடியாது, சதை இழுபட்டு டாக்டரின் கணக்கு தப்பிவிடும். அதனால் குழாயைப் பல்லோடு கட்டி வைப்பதுண்டு. ஆடுகிற பல், கட்டின பல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் டாக்டர், செலவு, எத்தனை வயசு குறைந்து தெரியும் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். ‘பிபி கொஞ்சம் ஏறி இறங்கும்’ என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த வரிதான் என்னை உட்கார்த்தி இத்தனை எழுத வைத்தது.

இந்த ஆபரேஷனில் அடிக்கடி வருகிற சிக்கல், தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்வது. பெரும்பாலும் முதல் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வரும். ஆண்களுக்கும் பிபி உள்ளவர்களுக்கும் கூடுதல். காரணம் எளிது. தியேட்டரில் நாங்கள் பிபியைத் தாழ்வாக வைத்திருப்போம். முழு மயக்கத்திலும் முகத்தில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள், அதில் அட்ரினலின் சேர்த்திருப்பதால் குட்டி ரத்தக் குழாய்களெல்லாம் சுருங்கியிருக்கும். டாக்டர் பார்க்கும்போது ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. சாயங்காலம் மயக்கமும் தெளியும், அட்ரினலினும் போய்விடும். அந்த நேரம் பார்த்து நீ இருமினாலோ, வாந்தி எடுத்தாலோ, பாத்ரூமில் முக்கினாலோ, பிபி ஜிவ்வென்று ஏறும். மூடிக் கிடந்த குழாய்கள் திறந்துகொள்ளும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு அம்மாள் ஆபரேஷன் ஆன அன்று சாயங்காலமே மருமகளோடு போனில் சண்டை போட்டார். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கக் கன்னம் பந்தாகிவிட்டது. திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து ரத்தத்தை எடுத்தோம். நன்றாகத்தான் ஆறியது. ஆனால் அது எந்த நேரமும் தியேட்டரும் ஆளும் தயாராக இருந்த ஆஸ்பத்திரி என்பதால்.

ஒன்றை மனசில் வை: இந்த ஆபரேஷனில் வலி பெரிதாக இருக்காது. இறுக்கமாக இருக்கும், முகமூடி போட்டது மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் வலித்தால், ஒரு பக்கம் மட்டும் வீங்கி விறைத்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே நர்ஸைக் கூப்பிடு. அதனால் டாக்டரிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி, ராத்திரி யார் இருப்பார்கள் என்பது. அழகு நிலையத்தின் மாடியில் நடக்கிற கிளினிக் என்றால் அந்தப் பக்கமே போகாதே. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் அல்லது டிஎன்பி என்ற மேல்படிப்பு முடித்தவரா, இந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஐசியு இருக்கிறதா, எல்லாம் வாய்விட்டுக் கேள். கோபித்துக்கொண்டால் அவர் உனக்கான டாக்டர் இல்லை.

மாத்திரை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். எக்கோஸ்பிரின், அதாவது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற ஆஸ்பிரின், சாப்பிடுகிறாயா? இதயத்துக்காக எழுதியது என்றால் நீயாக நிறுத்தாதே, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய். மூட்டுவலிக்கு நீயாக வாங்கிப் போடுகிற மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எல்லாம் ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடும். இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உன் மாமியார் ஊர் வைத்தியர் கொடுக்கிற லேகியத்தையும் மறைக்காமல் சொல். நீ சிகரெட் பிடிக்கப் போவதில்லை, ஆனால் புகையிலை எந்த ரூபத்திலும் ஆகாது. தோலுக்கு ரத்தம் போகாமல் கருகிவிடும். உன் சித்தி வெற்றிலையோடு போடுவாரே, அவருக்கும் இந்த ஆசை வந்தால் சொல்லி வை.

அடுத்த நாள் காலையில் தலைக்கட்டைப் பிரிப்பார்கள். காதுக்குப் பின்னால் ரத்தத்தை வடிக்கச் சின்னக் குழாய் வைத்திருந்தால் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். முதல் நாள் சிரிப்பு கோணலாக இருந்தால் அலறாதே, மரத்துப்போகும் ஊசியின் வேலையாக இருக்கலாம். சில மணி நேரத்தில் சரியாகும். சிலருக்குக் கீழ் உதடு ஒரு பக்கம் பலவீனமாகச் சில வாரங்களோ மாதங்களோ இருப்பதுண்டு, பெரும்பாலும் திரும்பிவிடும். நிரந்தரமாக நிற்பது அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்கிறவரை நம்பாதே. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். ரத்தக்கட்டு நீலமாகி, மஞ்சளாகி, கழுத்துக்கு இறங்கும். அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ் 2021இல் இதே ஆபரேஷனைச் செய்துகொண்டு, கட்டும் குழாயுமாகத் தன் படத்தைத் தானே போட்டார். உன் டாக்டர் காட்டுகிற ‘முன் – பின்’ படங்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய படம் அது. யாழினியிடம் சொல், தேடிக் காட்டுவாள்.

தலையணையை உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும். உப்பைக் குறை, அதாவது அப்பளம், வடாம், உன் உயிருக்கு உயிரான மாவடு எல்லாம் கொஞ்ச நாள் கிடையாது. மலச்சிக்கல் ஆகாமல் பார்த்துக்கொள். தையல் ஒரு வாரத்தை ஒட்டிப் பிரிப்பார்கள். டை அடிப்பதென்றால் ஆபரேஷனுக்கு முன்பே அடித்துவிடு, பிறகு டாக்டர் சொல்லும்வரை, ஒரு மாதத்துக்கு மேலேயும், கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் அப்படியே. காதைச் சுற்றி மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும். சூடு தெரியாது, முடி உலர்த்துகிற மெஷினைக் கிட்டே வைத்துச் சுட்டுக்கொள்ளாதே. ஜிமிக்கியின் கனமும் தெரியாது, அதுவும் ஆபத்துதான். நம் தோல் நிறத்துக்குத் தழும்பு தடிப்பதும் கறுப்பதும் அதிகம். உனக்கோ அம்மாவுக்கோ காது குத்தின இடத்தில் கட்டி மாதிரி வளர்ந்திருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல். காது ஓட்டை தொங்கிப் போயிருக்கிறது என்றாயே, அதையும் டாக்டரிடம் காட்டு. ஆனால் புதுசாகக் குத்தித் தோடு போடக் காலம் ஆகும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு அழுகை வரும். நிறையப் பேருக்கு வந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் இருப்பது பழைய ஆளும் இல்லை, படத்தில் காட்டின ஆளும் இல்லை. வீங்கின, விறைத்த யாரோ ஒருத்தி. எதற்குச் செய்தோம் என்று தோன்றும். மூன்று வாரத்தில் கடைகண்ணிக்குப் போகலாம், ஆனால் முகம் முழுக்க இளகி உன் முகமாக ஆக ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். தாடைக்கோடும் கழுத்தும் நன்றாக மாறும். கண்ணுக்குக் கீழே பை, நெற்றிக் கோடு, உதட்டுக்கு மேல் சுருக்கம், மங்கு இவையெல்லாம் அப்படியேதான் இருக்கும். அதற்கெல்லாம் வேறு வேறு வைத்தியம், வேறு வேறு பில். இன்ஷூரன்ஸ் ஒரு பைசா தராது. மற்ற சிகிச்சைக்கு இல்லாத ஜிஎஸ்டியும் அழகுக்காகச் செய்கிற அறுவைக்கு உண்டு.

கார்த்திகையில் செய்துகொண்டு தையில் மேடை ஏறலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். வேண்டாம். கார்த்திகையில் நீ வீடு வீடாகப் பத்திரிகை வைக்க வேண்டியவள். வெற்றிலைத் தட்டோடு உன் நாத்தனார் வீட்டுப் படி ஏறும்போது கழுத்தில் மஞ்சள் கறையோடு நிற்பாயா? எல்லாம் நன்றாக ஆறினாலும் இரண்டு மாதத்தில் சிரிப்பு இன்னும் விறைப்பாகத்தான் இருக்கும், வீடியோக்காரனின் லைட் அதை மட்டும் சரியாகப் பிடிக்கும். ஆவணியிலேயே முடித்துவிடலாமா என்று கேட்பாய். ஏறி இறங்குகிற பிபியை வைத்துக்கொண்டு அதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். மாத்திரையைச் சரி செய்து, தொடர்ந்து சில வாரம் அடங்கி நிற்கட்டும். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, மாசியில் செய்துகொள். அப்போது வீட்டில் ஆளும் குறைவு, சண்டை போடவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

என் சேதி: முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. பேரன் எல்கேஜி போகிறான், டீச்சரை ‘பாட்டி’ என்று கூப்பிட்டுப் பிரச்சினை ஆகிவிட்டது. டீச்சருக்கு இருபத்தெட்டு வயசு. பானுமதி திருச்சியிலேயே வீடு வாங்கிவிட்டாள், கிரகப்பிரவேசத்துக்குச் சேர்ந்து போகலாம்.

இன்றிலிருந்து காலை, மாலை பிபி பார்த்து ஒரு நோட்டில் எழுதி எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு. சர்க்கரை மூன்று மாத சராசரியும் ஈசிஜியும் எடுத்து வை. டாக்டரைப் பார்க்கப் போகும்போது நானும் கோயம்புத்தூர் வருகிறேன்.

அன்புடன்,
மீனா

பி.கு. அண்ணாவிடம், உன் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், சொல்லிவிடு. அன்று ராத்திரி பக்கத்தில் முழித்திருந்து உன் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். இன்னும் அந்தக் குறட்டை இருக்கிறது என்றால் அவர் வேண்டாம், உன் தங்கையைக் கேள்.