பேஜ் என்றால் பக்கம் அல்ல

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆங்கிலேயப் பிரபு ஒருவரைப் பற்றிய கட்டுரையில் 'ராயல் பேஜ்' என்பதை 'அரசப் பக்கம்' என்று பெயர்த்திருக்கிறீர்கள். சிரிப்புதான் வந்தது. அது, விழாக்களில் அரசரின் நீண்ட அங்கியின் நுனியைத் தூக்கிப் பிடிக்கும் பிரபு வீட்டுப் பையனின் பதவி. 2023 முடிசூட்டிலும் மன்னருக்கு நால்வர், ராணிக்கு நால்வர் நின்றார்கள்.

அந்தப் பிரபு 'திறமையால் கர்னலானார்' என்று நீங்கள் எழுதியதும் அவசரத் தீர்ப்பு. அன்று பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பதவிக்கு விலை உண்டு. சாதாரணக் காலாட்படையில் என்சைன் என்னும் கடைநிலை அதிகாரிப் பதவி 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னல் பதவி 4,500. அரச காவற்படைக் காலாட்பிரிவிலோ அதே பதவிகள் முறையே 1,200, 9,000. இந்த வழக்கம் 1871இல்தான் ஒழிந்தது.

மதுரைக் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரிகளுக்கு இந்த விலைப்பட்டியல் பொருந்தாது, அங்கே பதவி உயர்வுக்குப் பணிமூப்புதான். இரண்டு படைகளையும் குழப்ப வேண்டாம்.

– வாசகர்கள் சிலர், மதுரை